குறட்டைக்காரர் பெண்டாட்டி ஆபீசுக்குள் புகுந்த கதை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் இவரும் சௌக்கியம். அங்கே நீயும் அத்தானும் முழங்கால் வலியில்லாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன். "வேலை நிரந்தரமாச்சா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுடி" என்று போனில் கேட்டாய். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஆபீசுக்கும் சொந்தத்துக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். எழுதிய புரோகிராம்களை ஏற்றி வைக்கும் இணையதளத்தில் மட்டும் எனக்கு இரண்டு கணக்கு. ஆபீஸ் கணக்கில் என் முழுப் பெயரும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு போட்டோவும் இருக்கும். சொந்தக் கணக்கில் இருப்பது இவர் குறட்டையை அளக்க நான் எழுதும் சின்ன புரோகிராம். அதற்குப் பொருத்தமாக 'குறட்டைக்காரர் பெண்டாட்டி' என்று பெயர் வைத்திருந்தேன். எதை ஏற்றினாலும் ஏற்றியவர் பெயர் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். போன வாரம் கணக்கை மாற்ற மறந்து, ஆபீஸ் வேலை மொத்தத்தையும் குறட்டைக்காரர் பெண்டாட்டியாகவே ஏற்றித் தொலைத்தேன். மறுநாள் மீட்டிங்கில் எங்கள் மேனேஜர், அந்த உம்மணாமூஞ்சி, "யாரோ வெளியாள் உள்ள புகுந்திருக்காங்க, யாருன்னு கண்டுபிடிங்க" என்று அந்தப் பொறுப்பை என் தலையிலேயே கட்டினார். என்னை நிரந்தரமாக்கும் ஆர்டர் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரம் அது. என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசிப்பதற்குள், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த இவர் ஒரு குறட்டை விட்டார் பார், மைக் வழியாக ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"கண்டுபிடிச்சாச்சு சார்" என்றேன்.

"வேலை சுத்தமா இருக்கு. பேரை மட்டும் மாத்துங்க" என்றார் அவர். அன்றே கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆமாம் அக்கா, நிரந்தரமாகிவிட்டது!

இப்போது எல்லாம் பக்கா. ஆபீஸ் போல்டரில் இருப்பது ஆபீஸ் பெயரில் போகும், வீட்டு போல்டரில் இருப்பது வீட்டுப் பெயரில் போகும். இரண்டு கணக்கையும் திறக்க கம்ப்யூட்டருக்குள்ளேயே தனித்தனி சாவி. நான் மறந்தாலும் கம்ப்யூட்டர் மறக்காது. மனசு நிறைந்து கிடக்கிறது.

அத்தானுக்கு வணக்கம், வாண்டுகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உன் செல்லத் தங்கை

பி.கு.: இந்தக் கடிதத்தை எந்த போல்டரில் வைத்து எழுதினேன் என்று இப்போதுதான் பார்த்தேன். சாயங்காலம் ஆபீஸ் வேலையோடு சேர்ந்து, என் முழுப் பெயரில், போட்டோவோடு, கச்சிதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. மேனேஜரிடமிருந்து பதிலும் வந்தாயிற்று: "படித்தேன். திருத்த ஒன்றுமில்லை. அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். இப்படிக்கு, உம்மணாமூஞ்சி."