டிரையல் பாயின் கிளியும் என் கால்விரலும்

சோதித்துப் பாராமல் எதையும் ஏற்காத மனிதர் இவ்வுலகில் ஒருவரே. அவர் பெரம்பலூரில் தையற்கடை வைத்திருந்த டிரையல் பாய். அச்சோதனையைப் பிறர்மீது நடத்துவார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு. தேநீரின் சூட்டை அறிய, அருகில் அமர்ந்திருப்பவரை முதல் வாய் குடிக்கச் செய்வார். அருகில் அமர்ந்திருப்பவன் பெரும்பாலும் நானே.

அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், வளைகுடா நாட்டில் பல்லாண்டு தைத்துவிட்டுத் திரும்பியவர். மனைவி மறைந்தபின் துணைக்கு இருக்கட்டும் என்று மகன் வாங்கித் தந்தது, பஞ்சு என்னும் சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி. ஒருநாள் பஞ்சு பறந்துபோய் அடுத்த தெருவில் இறங்கிற்று. அவ்வீட்டார் அது தங்கள் கிளியே என்று சாதித்தனர். அதன் கத்தலைத் தாங்கமாட்டாமல் அவர்களாகவே திருப்பித் தரும்வரை பாய் சரியாகச் சோறு உண்ணவில்லை.

"இன்னொரு தடவ போயிட்டா என்ன சார் செய்யறது? இது நம்ம பஞ்சுதான்னு எத வெச்சுச் சொல்றது?" என்றார்.

நான் ஐந்தாம் வகுப்புக்குமேல் பள்ளி வாசலை மிதித்தவன் அல்லன். ஆயினும் நூலகத்தில் பறவைகளைப் பற்றிய நூலொன்றை முக்கால் பாகம் வாசித்திருந்தேன். அந்தத் துணிவில், "எண் பொறித்த வளையத்தைக் காலில் அணிவிப்பதே சாலச் சிறந்தது" என்று தீர்ப்பளித்தேன். வளையத்தின் தீமைகள் மீதிக் கால் பாகத்தில் இருந்திருக்கக்கூடும்.

பாய் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக் கிளியின் காலை அளந்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"ஒரு வாரம் நீங்க போட்டுப் பாருங்க சார். உறுத்தலன்னா பஞ்சுக்குப் போட்ருவோம்."

"நான் எதுக்கு?"

"யோசன சொன்னது நீங்கதான?"

லேத்துப் பட்டறையில் பஞ்சுவின் கால் அளவுக்குச் சொல்லிச் செய்த அலுமினிய வளையம் என் கால்விரலில் ஏறியது. அதே வாரம் அரியலூரில் மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தம். செருப்பைக் கழற்றிய பிறகே வளையம் என் நினைவுக்கு வந்தது. ஜமக்காளத்தில் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு அமர்ந்தும், கொழுந்தியாளின் கண்ணுக்குத் தப்பவில்லை.

"என்னங்க மாமா, மெட்டியெல்லாம் போட்டுருக்கீங்க. யாரு கட்டிக்கிட்டா?"

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குப் போட்டதவிடக் கனமாத்தான்டி இருக்கு."

"இது ஒரு பறவையியல் ஆய்வு" என்று விளக்கத் தொடங்கினேன். சிரிப்பில் அது எவர் காதிலும் விழவில்லை. காலை மடக்கியே அமர்ந்து விருந்துண்டதில் விரல் வீங்கி, வளையம் உள்ளே புதைந்தது. கடைவீதியில் நகை ஆசாரி அதை அறுத்தெடுத்தார், விரலிலும் சிறிது.

கட்டுப் போட்ட காலோடு தையற்கடைக்குச் சென்றேன். பாய் கட்டைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். "நல்லவேள, பஞ்சு தப்பிச்சான்" என்றார். அதன்பிறகே எனக்கு நாற்காலி போட்டார்.

கால்நடை மருத்துவர் வேறு வழி சொன்னார். அரிசி அளவு சிப் ஒன்றை ஊசியால் நெஞ்சுத் தசையில் செலுத்திவிட்டால், கருவியைக் காட்டும்போது எண் தெரியுமாம். பாய் மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் சட்டைப் பொத்தானை இறுகப் பற்றிக்கொண்டேன்.

"வேணாம்" என்றார் பாய், மருத்துவரிடம். "சார் பட்டது போதும். நேரா அவனுக்கே போடுங்க."

டிரையல் இல்லாமல் அவர் ஒப்புக்கொண்டு நான் கண்டது அஃதொன்றே. ஊசி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டு என் கையை நொறுங்கப் பிடித்தார். அந்த வளையமே பரவாயில்லை என்று தோன்றிற்று.

பஞ்சுவின் எண் தெரிந்ததும் கண் திறந்த பாய், கருவியை வாங்கி என் நெஞ்சின்மேல் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"நீங்க தொலஞ்சா என்ன சார் செய்யறது?" என்றார்.

மருத்துவர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார். "தழும்பு ஒண்ணு நிக்கும்ல. அத வெச்சுக் கண்டுபுடிச்சுருவேன்."

இப்போது அவரும் பஞ்சுவும் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். கூட்டம் மிகுந்த இடங்களுக்குப் போனால், நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறேன்.