லினக்ஸில் விளைந்த மக்காச்சோளம்

அரசு அலுவலகங்களில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எதுவும் இனிமேல் விண்டோஸில் இயங்கக் கூடாது, லினக்ஸில்தான் இயங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. லினக்ஸ் இலவசம், யாருக்கும் காசு கட்ட வேண்டாம். அதோடு, வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்த செயலாளர் ஒருவர், அங்கே பெரிய மனிதர்கள் மடியில் எல்லாம் லினக்ஸ்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். நல்ல உத்தரவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மிச்சமான பணத்தில், பணம் மிச்சமானதற்கு ஒரு விழா எடுத்தார்கள்.

நீர்ப் பங்கீட்டு அலுவலகத்திலும் மாற்றிவிட்டார்கள். வாய்க்காலில் எந்த மதகை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்கிற அலுவலகம் அது. இந்த மாற்றத்தால் பொதுமக்களுக்குப் புதிதாக எந்த இடைஞ்சலும் வராது என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள். அது சத்தியம். பழைய இடைஞ்சலே போதுமானதாக இருந்தது.

கடைமடை அக்கா அங்கே போனது அந்தச் சமயத்தில்தான். வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையது, அதனால் அந்தப் பெயர். வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். வயல் முழுக்க இவள் பொறுப்பு. மக்காச்சோளம் போட்டிருந்தாள். கதிர் பிடிக்கிற நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றுவிட்டது, இலையெல்லாம் சுருண்டு நின்றது. ஒரு முறை நனைத்தால் பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் கதிரில்லாத வெறும் தட்டைதான் மிஞ்சும். அந்த வருஷச் சாப்பாடே அந்த வயல்தான்.

நீர்ப் பங்கீட்டு அதிகாரி இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பயிரெல்லாம் போச்சும்மா," என்றார், இவள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

அக்காவுக்கு மனசு உருகிவிட்டது. இப்படியும் ஓர் அதிகாரியா! "முழுசாப் போகலைங்க ஐயா. இன்னும் உயிர் இருக்கு. ஒரு தண்ணி விட்டா எந்திரிச்சிரும்."

"எங்கம்மா விடறது? உள்ளேயே போக முடியலையே! தினம் ஆபீஸுக்கு வந்ததும் மொத வேலையா தண்ணி ஊத்துவேன். கண்ணும் கருத்துமா வளர்த்தேன். ஒரு பசுமாடு வேற, சினையா இருந்துச்சு. இப்ப க்ளிக் பண்ணினா பேச்சு மூச்சு இல்ல."

அப்புறம்தான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. அவர் அழுதது 'பொன்வயல்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு. அதில் நிலம் வாங்கலாம், விதைக்கலாம், அறுக்கலாம். ஆனால் அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லினக்ஸ் வந்ததிலிருந்து திறக்கவே மாட்டேன் என்கிறது.

"ஐயா, என் மதகு..."

"நானும் மனுஷன்தானேம்மா? சொந்தப் பயிர் வாடிட்டு இருக்கறப்போ அடுத்தவங்க பயிருக்குக் கையெழுத்துப் போட எனக்கு எப்படி மனசு வரும், சொல்லுங்க."

அக்காவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைத் தூக்கிக் கவிழ்த்திருப்பாள். ஆனால் கையெழுத்து அவர் கையில் அல்லவா இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க ஐயா, அதை ஓட வைக்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

பார்க்க வேண்டிய ஆளுக்கு அலுவலகத்தில் 'சுதந்திரம்' என்று பெயர். கணினிப் பிரிவுக்காரர், நாற்பது வயதிருக்கும், லினக்ஸின் சின்னமான பெங்குவின் படம் போட்ட பனியன் தவிர வேறு எதையும் அணிந்து யாரும் பார்த்ததில்லை. லினக்ஸ் என்றால் சுதந்திரம், விண்டோஸ் என்றால் அடிமைத்தனம் என்பது அவர் கொள்கை. அக்கா அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்து அதிகாரி முன்னால் நிறுத்தினாள்.

"இது அடிமை ஆட்டம் சார்," என்றார் சுதந்திரம். "லினக்ஸுக்குன்னே எத்தனையோ ஆட்டம் இருக்கு. எல்லாம் சுதந்திரமான ஆட்டம்."

"அதுல என் பசுமாடு இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அந்த சுதந்திரத்தை நீயே வெச்சுக்க."

அக்கா இடையில் புகுந்தாள். "தம்பி, கொள்கையெல்லாம் அப்புறம் பேசலாம். என் சோளம் காயுது. வழி இருக்கா, இல்லையா?"

சுதந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு வழி இருக்குக்கா. நடுவுல ஒரு சாஃப்ட்வேர் போடலாம். ஆட்டம் விண்டோஸ்கிட்ட கேக்கறதையெல்லாம் அது வாங்கி, லினக்ஸுக்குப் புரியற மாதிரி மாத்திச் சொல்லும். லினக்ஸ் குடுக்கறதை வாங்கி, விண்டோஸ் குடுத்த மாதிரி ஆட்டத்துகிட்ட குடுக்கும். தான் எங்க இருக்கோம்னே ஆட்டத்துக்குத் தெரியாது."

அதிகாரிக்கு விளங்கிவிட்டது. "அதாவது, புரோக்கர்."

"அப்படிச் சொல்லிட முடியாது சார். தொழில்நுட்ப ரீதியா பாத்தா..."

"புரோக்கரா, இல்லையா?"

"புரோக்கர்தான் சார்."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? இந்த ஆபீஸ்ல புரோக்கர் இல்லாம எது ஓடியிருக்கு?"

அன்றிலிருந்து அந்த அலுவலகம் வேலை செய்த வேகத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. மேற்படி விளையாட்டை மேற்படி கணினியில் ஓட்டுவதற்கான தனிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. முதலில் ஆட்டம் திறந்தது, ஆனால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. அதைச் சரி செய்தால் வானம் கறுத்துவிட்டது. வானத்தைச் சரி செய்தால் ஒரு கோப்பு காணவில்லை என்று செய்தி வந்தது. அந்த அலுவலகத்தில் கோப்பு காணாமல் போவது புதிதா என்ன? ஜனங்களுடைய கோப்புகள் கட்டுக் கட்டாகக் காணாமல் போனபோது ஒருவரும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. இந்தக் கோப்பை மட்டும் எழுத்தர் முதல் கண்காணிப்பாளர் வரை சாப்பாட்டு நேரத்தில்கூடத் தேடினார்கள்.

அக்கா காலையில் வயலுக்குப் போய் இலையைத் தொட்டுப் பார்ப்பாள், அப்படியே அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். "கெடைச்சுதா? வானம் வந்துச்சா?" என்று உயிரை வாங்குவாள். அவள் தொல்லை தாங்காமலேயே ஒருநாள் பொன்வயல் ஓடிவிட்டது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடிருச்சுல்ல ஐயா, கையெழுத்தைப் போடுங்க," என்று அக்கா பேனாவை நீட்டினாள்.

"இருங்கம்மா, இருங்க. இது என்ன அதிசயம்?"

அதிசயம்தான். இவர் தண்ணீர் ஊற்றவே இல்லை, பயிர் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தது. முன்பு விண்டோஸில் ஒரு மூட்டை விளைந்த இடத்தில் இப்போது மூன்று மூட்டை. பசுமாடு கன்று போட்டு, கன்றும் கன்று போட்டிருந்தது.

"இது சின்ன கோளாறு சார்," என்றார் சுதந்திரம். "பயிருக்குத் தண்ணி ஊத்துன்னு ஆட்டம் கேக்குது. நடுவுல இருக்கற சாஃப்ட்வேருக்கு அது சரியாப் புரியல. அதனால ஊத்தாமலேயே ஊத்திட்டேன்னு பதில் சொல்லிடுது. பயிரும் நம்பிடுது."

"நம்பினா வளருமா?"

"வளருதே சார்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். தண்ணீர் விட வேண்டியதில்லை, விட்டாச்சு என்று சொன்னால் போதும்! அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து செய்துவந்தது அதையேதான். அதற்கு விஞ்ஞான ஆதாரம் இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. உடனே 'லினக்ஸ் முறையில் நீரில்லாச் சாகுபடி: ஒரு கள ஆய்வு' என்று தலைப்பிட்டு, பொன்வயலின் விளைச்சலைப் படத்தோடு மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். அது விளையாட்டு என்று குறிப்பிட மறந்துவிட்டார். மேலிடத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

தண்ணீர் கேட்டு அனுப்பிய மனுவுக்குப் பதில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. தண்ணீர் வேண்டாம் என்று போன அறிக்கைக்குப் பறந்து வந்தது பதில்: "லினக்ஸ் முறையில் நீரின்றியே மும்மடங்கு விளைச்சல் கிடைப்பது ஐயம் திரிபற மெய்ப்பிக்கப்பட்டுள்ளதால், பொதுநலன் கருதி, இனி விண்டோஸ் வயல்களுக்கு மட்டுமே பாசன நீர் வழங்கப்படும். வயல்களைத் தக்கவாறு வகைப்படுத்துக."

விண்டோஸ் வயல் என்றால் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்று ஒருவரும் கேட்கவில்லை. தன் வயல் விண்டோஸ் வயல்தான் என்று சான்றிதழ் வாங்க வரிசையில் மட்டும் நின்றார்கள். அக்காவின் வயலுக்கு முந்தின வயல் அவள் கொழுந்தனுடையது. அவன் முதல் ஆளாகப் போய், "எங்கப்பா காலத்துலேர்ந்தே எங்க நிலம் விண்டோஸ்தாங்க," என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டிவிட்டான். கொஞ்ச நாளில், "அவங்களா? அவங்க லினக்ஸ் வீட்டு ஆளுங்கப்பா," என்று குரலைத் தாழ்த்திப் பேசுகிற அளவுக்கு ஊர் முன்னேறிவிட்டது.

அக்கா அலுவலகத்துக்குப் போனபோது அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மா. உங்க பேரைத்தான் மொதல்ல எழுதியிருக்கோம். முன்னோடி லினக்ஸ் வயல்!"

"என்னது?"

"நீங்க இல்லேன்னா லினக்ஸ்ல அந்த ஆட்டம் ஓடியிருக்குமா? உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறோம்?"

"ஐயா, நான் தண்ணிக்குத்தானே வந்தேன்? உங்க பசுமாட்டுக்காக நாயா அலைஞ்சேனே! என் சோளம் நிஜச் சோளம்யா. விட்டாச்சுன்னு சொன்னா அது நம்பாது."

"சொல்லிப் பாத்தீங்களாம்மா?"

அக்கா அழவில்லை. அழுதால் பெருமிதக் கண்ணீர் என்று படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை நாள் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவள் இல்லையா, அவர்கள் பாஷை கொஞ்சம் ஒட்டியிருந்தது. "சரிங்க ஐயா, என் வயல் லினக்ஸாவே இருக்கட்டும். நடுவுல ஒரு புரோக்கரைப் போட்டு, அதை விண்டோஸ்னு வாய்க்காலை நம்ப வைக்கலாம்ல?"

அதிகாரியும் சுதந்திரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முடியும் சார்," என்றார் சுதந்திரம், குரல் தழுதழுக்க. "அக்காவுக்குத் தொழில்நுட்பம் புரிஞ்சிருச்சு."

ஆக, உலகத்திலேயே முதன்முறையாக, 'விண்டோஸ் போல நடந்துகொள்ளும் லினக்ஸ் வயல்' என்ற சான்றிதழ் அக்காவுக்கு வழங்கப்பட்டது. இடையில் இருக்கிற விண்டோஸ் வயல்காரர் என்கிற முறையில் கொழுந்தன் புரோக்கராக நியமிக்கப்பட்டான்.

"வழியில என் வயல் கொஞ்சம் கூடுதலா நனைஞ்சா அதைக் கணக்குல எடுக்கக் கூடாது, அண்ணி," என்றான்.

"நனைச்சுத் தொலை. என் வயலுக்கு வந்து சேர்ந்தா சரி."

தண்ணீர் திறந்துவிட்ட அன்று ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. மேலே இருந்த விண்டோஸ் வயல்கள் ஒவ்வொன்றாக நனைந்தன. கலங்கல் தண்ணீர், நுரையும் சருகுமாக, கொழுந்தன் வயலுக்குள் சலசலவென்று நுழைந்தது. அக்கா தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ வந்துவிட்டது, இன்னும் அவள் மதகை அடைத்திருக்கிற ஒரே ஒரு பலகையைத் தூக்கினால் போதும்.

பலகை தூக்கப்படவில்லை. மதகுக்காரர் அதன் மேலேயே துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்யா உக்காந்துட்டீங்க? தூக்குங்க!"

"முடியாதும்மா. அப்டேட் ஓடுது."

"என்ன ஓடுது?"

"அப்டேட். விண்டோஸ் வயல்னா நடுவுல வரும்னு ஆபீஸ்ல எழுதியே குடுத்திருக்காங்க. அது முடியற வரைக்கும் எதையும் திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது. இப்பதான் போன் வந்துச்சு, முப்பது சதவீதம் ஆயிருக்காம்."

"எப்ப முடியும்?"

"அது அதுக்கே தெரியாதாம்."

அக்காவுக்குப் பொறுமை போயே போய்விட்டது. "எந்திரிய்யா!" என்று அவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பலகையில் கை வைத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. இந்தப் பக்கம் அவளுடைய சோளம் காற்றில் காகிதம் மாதிரி சரசரத்தது.

"அண்ணி, தொடாதீங்க!" கொழுந்தன் அலறினான்.

அவன் மட்டும் இல்லை, கரையில் இருந்த அத்தனை பேரும் அலறினார்கள். "நடுவுல கை வெச்சா எல்லாம் போயிரும்!" "திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்க்கா!" "மொத்த வாய்க்காலும் கெட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு?" ஒருவர் குரலிலும் வன்மம் இல்லை. எல்லாருக்கும் நிஜமாகவே பயம். ஒரு பெரியவர் பாய்ந்துவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கையெடுத்துக் கும்பிடறேன் தாயி, பிள்ளைகுட்டிக்காரங்க நாங்க," என்றார்.

அக்கா பலகையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். ஒரு இழுப்புதான். ஆனால் ஒருவேளை இவர்கள் சொல்கிற மாதிரி ஆகிவிட்டால்? எவ்வளவு பாடுபட்டு வாங்கிய சான்றிதழ்! இவள் கை வைத்ததால் அது போய்விட்டால்? மறுபடியும் அந்த வரிசை, மறுபடியும் அந்தப் பசுமாடு. அவள் கை தானாக நழுவியது.

சோளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதகுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப எத்தனை சதவீதம்?"

மதகுக்காரர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "முப்பத்தொண்ணு," என்றார்.

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.