ஃபாதருக்கு ஓய்வு கொடுத்த விழா

பால்ராஜின் கைகள் அந்தச் சனிக்கிழமை மாலை முழுவதும் சால்வை மடித்துக்கொண்டிருந்தன. சரிகைக் கரை வெளியே தெரியும்படி நான்காக மடித்து, நடுவில் ஒரு தட்டுத் தட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, எந்தத் தெருக் குழு போர்த்துகிறது என்று எழுதிய சீட்டை மேலே குத்தவேண்டும். இப்படி இருபத்திரண்டு சால்வை. மறுநாள் மாலை பங்குச் சாமியார் கிளிஃபர்டுக்கு ஓய்வு கொடுக்கும் விழா.

நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் அந்த இனம். 'ஃபாதரைப் பார்த்துக்கொள்கிறவர்' என்று பெயர். எல்லாப் பங்கிலும், அதாவது ஒவ்வொரு மாதா கோவில் வட்டாரத்திலும், ஒருவர் இருப்பார்; பங்கு பெரிதென்றால் மூவர் இருப்பார்கள், மூவருக்குள்ளும் பேச்சுவார்த்தை இருக்காது. அறுபது வயதுக்கு மேல், பென்ஷன் உறுதி, குரல் கணீர், கையில் எப்போதும் ஒரு டப்பா. கோவிலுக்குக் கூரை வேயலாம், சுவருக்கு வெள்ளையடிக்கலாம், ஆனால் ஃபாதரைப் பார்த்துக்கொள்வது இருக்கிறதே, அது இவருடைய தனிச் சேவை. ஃபாதரிடம் யாராவது கேட்டார்களா என்கிறீர்களா? பார்த்துக்கொள்ளப்படுகிறவரிடம் எதற்குக் கேட்பது?

லிங்கராஜபுரத்துப் பக்கம் உள்ள அந்தப் பங்கில் பதினோரு வருஷமாகப் பால்ராஜ் இந்தச் சேவையைச் செய்துவந்தார். ஃபாதர் மாறுவார்கள். பால்ராஜ் மாறமாட்டார். புது ஃபாதர் வந்து பெட்டியை இறக்குவதற்குள், "ஃபாதர், முன்னாடி இருந்தவரை நான்தான் பார்த்துக்கிட்டேன்" என்று அறிமுகம் செய்துகொள்வார். முன்னாடி இருந்தவர் ரத்தக்கொதிப்போடு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்பதைச் சொல்லமாட்டார்.

மதியம் இரண்டரை மணிக்குச் சாமியார் பங்களா வாசலிலிருந்து போன் வரும். "தூங்கறீங்களா ஃபாதர்? தூங்குங்க, தூங்குங்க. எழுந்திருக்காதீங்க. கீழதான் நிக்கறேன்." திங்கட்கிழமை ஃபாதர்களுக்கு விடுமுறை நாள். ஆகவே பங்கில் உள்ள எல்லாப் புதுவீட்டு மந்திரிப்பும், மோதிரம் மாற்றுவதும், புது ஸ்கூட்டருக்குத் தீர்த்தம் தெளிப்பதும் திங்கட்கிழமைதான் வைப்பார். ஏன்? "அன்னைக்குத்தானே ஃபாதர் ஃப்ரீ!"

பிறகு சாப்பாடு. ஃபாதருக்குச் சர்க்கரை வியாதி என்று பங்கிலேயே அதிகம் கவலைப்பட்டவர் பால்ராஜ்தான். கவலைப்பட்டுக்கொண்டே மைசூர்பாகு கொண்டுவருவார். "வெல்லம் போட்டது ஃபாதர், ஒண்ணும் பண்ணாது." வெல்லத்தைக் கண்டால் சர்க்கரை வியாதி மரியாதையாக ஒதுங்கி நிற்கும் என்பது அவருடைய நம்பிக்கை. பங்களாவில் சமைக்கும் லட்சுமம்மா ராகிக் களியும் கீரையும் செய்துவைத்தால், "சாமியாருக்குப் போடுற சாப்பாடா இது? பாரு, எப்படி இளைச்சுட்டாரு" என்று பாத்திரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஆட்டுக்கால் பாயா வந்த கேரியரைத் திறப்பார். லட்சுமம்மா கன்னடக்காரி. "ஏனு சாரே, டாக்டர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யார் பேச்சைக் கேக்கறது?" என்று கேட்டுப் பார்த்தாள். "ரெண்டும் பண்ணும்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார் பால்ராஜ்.

ஃபாதர் கிளிஃபர்ட் மறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவரின் மகன் அவர். களைப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அதோடு, உண்மையைச் சொல்லிவிடலாம், நாலு பேர் வாசலில் காத்திருப்பது அவருக்கும் கொஞ்சம் இனித்தது. அந்த இனிப்புக்கும் மாத்திரை கிடையாது.

சிக்கல் தொடங்கியது தேர்பவனியில். செருப்பில்லாமல் நடந்தால் ஜனங்களுக்குப் பக்தி வரும் என்று பால்ராஜ் சொன்னார். ஃபாதர் நடந்தார். பக்தி வந்ததா என்று அளக்க வழியில்லை. இடது கால் கட்டைவிரலில் புண் வந்தது. ஆறு வாரமாக ஆறவில்லை. நாற்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஆரோக்கியமேரி, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றினாள்.

"வலிக்கவே இல்லையே, மேரியம்மா" என்றார் ஃபாதர்.

"வலிக்கலைங்கறதுதான் ஃபாதர் வியாதியே" என்றாள் அவள்.

டாக்டர் இன்னும் சுருக்கமாகப் பேசினார். பத்து நாள் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. ஊன்றினால் விரல் போகும். விரலோடு நிற்குமா என்று தன்னால் சொல்லமுடியாது.

அதே வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. குருக்களின் நலனில் இறைமக்கள் அக்கறை காட்டவேண்டும். ஒவ்வொரு குருவும் பத்து நாள் பங்கை விட்டு வெளியே வந்து தங்கி, ஓய்வும் தியானமும் மருத்துவப் பரிசோதனையும் மறுபயிற்சியும் பெற மக்கள் வழிவிடவேண்டும். ஊருக்கு வெளியே குருக்களுக்கென்று ஒரு இல்லம். அங்கேயே நர்ஸ் உண்டு. ஃபாதர் கிளிஃபர்டுக்குத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கார் வரும். இதற்கு முன்பும் இரண்டு வருஷம் அங்கே போக அவர் பெயர் கொடுத்திருந்தார். முதல் வருஷம் பால்ராஜ் மகளின் நிச்சயதார்த்தம். மறு வருஷம் கோவில் வாசலில் மாதாவுக்குக் கட்டிய குகை, அந்தக் கெபியின் திறப்பு. இரண்டு தடவையும் பெட்டி கட்டியது கட்டியபடி திரும்பவும் அலமாரிக்கு மேலே ஏறியது.

பால்ராஜ் சுற்றறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'அக்கறை காட்டவேண்டும்' வரையில் படித்தார். அடுத்த நிமிடம் கமிட்டி போட்டார்.

பயிற்சி என்ற வார்த்தை மட்டும் அவருக்கு உறுத்தியது. "செமினரியில பத்துப் பன்னெண்டு வருஷம் படிச்சிட்டு வந்தவருக்கு இன்னும் என்ன படிப்பு?" என்றார். இவரேதான் போன மாதம் பூசை முடிந்து வெளியே வந்து, "ஃபாதர் மூணு வருஷமா அதே தொலைஞ்ச ஆட்டுக் கதையையே சொல்றாரு, ஆட்டுக்கே அலுத்துப்போயிருக்கும்" என்று குறைப்பட்டவர். பிரசங்கம் புதிதாக இருக்கவேண்டும். பிரசங்கி எங்கும் போகக்கூடாது. கிணற்றை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் பழசு என்கிற மாதிரி.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு விழா தொடங்கியது. 'ஓய்வெடுங்கள் தந்தையே' என்று மேடையில் பெரிய பேனர். அதன் கீழே ஃபாதர் நின்றார். ஏன் நின்றார்? சால்வை போர்த்தும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்குமா? ஒவ்வொரு தெருக் குழுவும் மேடைக்கு வரும், சால்வை போர்த்தும், போட்டோ எடுக்கும், கண் மூடிவிட்டது என்று மறுபடி எடுக்கும். ஒன்பதாவது சால்வையில் ஃபாதர் வியர்த்தார். பதினான்காவதில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இடையில் 'குருக்களின் மன அழுத்தம்' என்ற பொருளில் ஒருவர் ஐம்பது நிமிடம் பேசினார். ஓய்வின் அருமையைப் பற்றி இன்னொருவர் பேசியதில் முன்வரிசை முழுவதும் அதை அனுபவித்தது.

பத்தொன்பதாவது சால்வை ஏறும்போது ஆரோக்கியமேரி மேடைக்கு ஏறினாள். சால்வை இல்லை, கையில் ஒரு பை. நேராகப் போய் ஃபாதரின் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். கீழே குனிந்து இடது கால் சாக்ஸை உருவினாள். வெள்ளைச் சாக்ஸின் நுனி கருஞ்சிவப்பாக இருந்தது.

மைக் கையிலிருந்த பால்ராஜ் பதறினார். "மேரிக்கா! மேடையிலயா? ஜனங்க பாக்கறாங்க!"

"பாக்கட்டும். சால்வை போத்தினவங்க எல்லாரும் வரிசையா வந்து இதையும் பாக்கட்டும்."

மைக்கை அணைக்க பால்ராஜுக்குத் தோன்றவில்லை. ஆகவே கோவில் வளாகம் முழுவதும் அது கேட்டது. அடுத்த தெருக் குழு மேடைப் படியிலேயே நின்றுவிட்டது. ஒரு கிழவர் மட்டும் எழுந்து நின்று, "அப்ப எங்க தெரு சால்வை?" என்று கேட்டார்.

"பத்தொன்பது சால்வை கொடுத்தீங்க. மெத்துனு ஒரு செருப்பு வாங்கித்தரணும்னு ஒருத்தருக்குத் தோணலையே, பாலு" என்றாள், கட்டுப் போட்டுக்கொண்டே.

பால்ராஜின் முகம் வாடியது. உண்மையிலேயே வாடியது, அதில் நடிப்பு இல்லை. இந்த இனத்தின் பெரிய ஆபத்தே அதுதான், அன்பு நிஜம். கண் கலங்க ஃபாதர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலைப் பார்த்தார். 'ச்சு ச்சு' என்றார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"கண்டிப்பா நீங்க ரெஸ்ட் எடுத்தே ஆகணும் ஃபாதர். நாளைக்குக் காலைல நானே கூட வந்து வழியனுப்பறேன். போற வழியிலதான் என் பையனோட புது ஃபிளாட். பத்தே நிமிஷம், ஒரு மந்திரிப்பு. மூணாவது மாடிதான். லிஃப்ட் மட்டும் இன்னும் வரலை."

ஆரோக்கியமேரியின் கை கட்டின் முடிச்சில் நின்றது. அவள் ஃபாதரைப் பார்த்தாள். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். ஃபாதர் பால்ராஜைப் பார்த்தார், கலங்கிய கண்ணைப் பார்த்தார், தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பாக்கலாம் பால்ராஜ்" என்றார்.

பங்கில் எல்லாருக்கும் தெரியும், அந்தப் 'பாக்கலாம்' எத்தனை மாடி ஏறும் என்று.

ஆரோக்கியமேரி முடிச்சை இறுக்கினாள், பையை மூடினாள், இறங்கும்போது சமையல்கட்டுப் பக்கம் போய் லட்சுமம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசினாள். வீட்டுக்குப் போனதும் பக்கத்துப் பங்கின் ஃபாதர் தாஸுக்கு ஒரு போன் போட்டாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு, பங்களாவின் பின்பக்கக் கதவருகே ஒரு ஆட்டோ நின்றது. லட்சுமம்மா பெட்டியை ஏற்றினாள். ஃபாதர் லுங்கியும் ஸ்வெட்டருமாகத் தயங்கி நின்றார்.

"ஏழு மணிக்குக் கார் வருமே மேரியம்மா."

"வேணாம்னு சொல்லியாச்சு. ஏறுங்க. வலது காலை முதல்ல வைங்க."

"பால்ராஜ் வருவாரே, பாவம்."

"வரட்டும். அந்த போனை லட்சுமம்மாகிட்ட கொடுங்க."

"யாராவது சாகக் கிடந்தா?"

"ஃபாதர் தாஸ் வருவாரு. ராத்திரியே சொல்லிட்டேன். சாகக் கிடக்கறவங்க 'நீங்கதான் வேணும்'னு அடம்பிடிக்க மாட்டாங்க ஃபாதர். அதெல்லாம் மந்திரிப்புக்குக் கூப்பிடறவங்கதான்."

ஃபாதர் கையிலிருந்த போனை ஒரு தடவை பார்த்தார். அதை விடுவதற்கு, காலைத் தூக்குவதைவிட அதிக நேரம் எடுத்தார். பிறகு கொடுத்தார். ஏறினார்.

ஆறரைக்குப் பால்ராஜ் வந்தார். பின்னால் பதினைந்து பேர், ஒரு மாலை, வழியனுப்பும் பேனர், அடுக்குக் கேரியரில் சூடான கேசரி. முன்கதவைத் தட்டினார். பதில் இல்லை. ஃபாதருக்குப் போன் போட்டார். லட்சுமம்மாவின் இடுப்பில் மணி அடித்தது.

"ஃபாதர் ஹோதரு சாரே, போயிட்டாரு" என்றாள் அவள், கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே. "பத்து நாள் பரல்ல. வரமாட்டாரு. அதுவரைக்கும் இங்கயும் ஃபாதர் தாஸ்தான் பாத்துக்குவாரு."

"எங்ககிட்ட சொல்லாமயா?"

"சொன்னா போக முடியாதுன்னு மேரியக்கா சொன்னாங்க."

அதே நேரத்தில் ஊருக்கு வெளியே அந்த இல்லத்தில், ஆரோக்கியமேரி ஃபாதரின் காலை இன்னொரு நர்ஸிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். புண்ணின் அளவு, மருந்து, வேளை எல்லாம் ஒரு தாளில் எழுதியிருந்தாள். கடைசி வரியில், 'இவர் வலிக்கவில்லை என்பார், நம்பவேண்டாம்.' ஃபாதர் கிளிஃபர்ட் இரண்டு தலையணை மேல் இடது காலை வைத்தபடி, வாய் திறந்து தூங்கிப்போயிருந்தார். விரலில் ரத்தம் ஓடும் சூடு இன்னும் இருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்று அந்த நர்ஸ் சொன்னாள். அவளும் சும்மா சொல்கிற வகையாகத் தெரியவில்லை.

இங்கே பால்ராஜ் கேரியரோடு சற்று நேரம் நின்றார். மனசு கனத்தது. பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவருக்கு இதுதானா மரியாதை? கேசரி வேறு ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று முகம் தெளிந்தது.

"ஃபாதர் தாஸ்! பாவம், இனிமே பத்து நாள் ரெண்டு பங்கையும் ஒத்தை ஆளா அவரே ஓடி ஓடிப் பாக்கணும். அவரை யார் பாத்துக்கறது?"

ஸ்கூட்டர்கள் கிளம்பின. ஏழு மணிக்கு ஃபாதர் தாஸின் வாசலில் மணியடித்தது. திங்கட்கிழமை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். "எழுந்திருக்காதீங்க ஃபாதர், கீழதான் நிக்கறோம்" என்று பால்ராஜ் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். வெல்லம் போட்ட கேசரி என்றும் சொன்னார்.

பதினைந்து பேர் என்று மேலே எழுதியது தவறு. அங்கே எண்ணிப் பார்த்தபோது பதினாறு பேர் இருந்தார்கள். கடைசியாக வந்தவர் நேராக இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து போனவர். இதைப் படித்துச் சிரித்துவிட்டு, 'அந்தப் பால்ராஜுக்குக் கொஞ்சம்கூடப் புத்தி இல்லை, ஃபாதருக்கு இதமாக ஏதாவது நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?' என்று யோசித்தவர். முதுகுக்குப் பின்னால் கை இருந்ததால் டப்பாவில் என்ன என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.