ஆறடி நான்கு அங்குல அம்மாள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூட நான் குணப்படுத்தியதில்லை. ஆனால், வாய் கொஞ்சம் வீங்கியதைத் தவிர வேறு குறை இல்லாத ஒரு மனிதனை நாலு நாள் முழு நோயாளியாக்கி வைத்திருந்திருக்கிறேன். அந்த நாட்களில் என் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'சுகாதார ஆலோசனை உதவியாளர்' என்று எழுதியிருந்தது.

சுனாமி வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மட்டக்களப்பில் தடக்கி விழுந்தால் ஏதாவதொரு வெள்ளைக்காரரின் காலடியில்தான் விழவேண்டும். அத்தனை நிறுவனங்கள், அத்தனை பெயர்ப்பலகைகள். எங்கள் வீடு நாவற்குடாவில். ஆட்கள் தப்பிவிட்டோம், அப்பாவின் தோணியும் வலையும் தப்பவில்லை. கடலில் இறங்காத அப்பா முற்றத்தில் அங்குமிங்கும் நடப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது. சுனாமி வந்த மூன்றாம் மாதம்தான் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தவன் என்பதுதான் தகுதி. (இரண்டு தரம் எழுதினேன். இரண்டாம் தரம் வந்த பெறுபேறு முதலாவதைவிட மோசம். அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) முதல் மூன்று மாதம் தற்காலிகம். வேலையில் பிழை இல்லாவிட்டால், கொழும்பு அலுவலகத்தின் வைத்திய அதிகாரி கையெழுத்திட்டு நிரந்தர நியமனக் கடிதம் தருவார். வீட்டில் எல்லோரும் அந்தக் கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதிதாக வந்திறங்கும் வெளிநாட்டவர்களை உட்காரவைத்து, சொந்த நாட்டைவிட்டு இங்கே வாழும்போது உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அரை மணி நேரம் சொல்வதுதான் என் வேலை. அதற்கென்று ஒரு ஆங்கிலக் கைநூல் இருந்தது. அதைத் தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருந்தேன். கொதித்தாறிய தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காதீர்கள். நுளம்பு வலைக்குள் படுங்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, கடி சின்னதா பெரிதா என்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உங்கள் இரத்த வகை, வழமையாக எடுக்கும் மருந்து, ஒத்துக்கொள்ளாத மருந்து மூன்றையும் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். உடம்புக்கு ஏதும் வந்தால் அயலவர் சொல்லும் கைவைத்தியத்தை நம்பாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது ஒரு விரலை உயர்த்துவேன். அந்த விரலை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்படி நான் விரல் உயர்த்திய ஆட்களில் ஒருவர்தான் ஹான்ஸ். டென்மார்க்கில் இருந்து வந்த பொறியியலாளர், ஆறடி நான்கு அங்குலம், எங்கள் வீட்டு நிலைப்படியில் மூன்று தரம் தலையை மோதிவிட்டு மூன்று தரமும் நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டவர். எங்களுக்குப் பக்கத்து வீட்டை அவருக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவருக்குச் சமையல் என் அம்மாவின் பொறுப்பு. அவர் தினமும் காலையில் வடக்கே பனிச்சங்கேணிக்குப் போய், கடல் புகுந்து உப்பாகிப்போன கிணறுகளை இறைத்துச் சுத்தம் பண்ணுவார். அவருடைய இயந்திரத்தின் குணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஊர்ச் சனம் குடிதண்ணீருக்கு அவரையே நம்பியிருந்தது.

அது வைகாசி மாதம். கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறக்கும் காலம். எங்கள் பக்கத்தில் இந்த அம்மனுக்கு வருடத்தில் ஒரு தரம்தான் கதவு திறக்கும். கடைசி நாள் குளிர்த்தி பாடி அம்மனின் வெக்கையைத் தணிப்பார்கள். வெக்கை கூடிய இந்த நாட்களில் யாருக்காவது உடம்பில் கொப்புளம் போட்டால் அதை நாங்கள் வருத்தம் என்று சொல்லமாட்டோம். அம்மாள் வந்திருக்கிறா என்போம். வந்தவவை மரியாதையாக வைத்திருந்து, மரியாதையாக அனுப்பவேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஹான்ஸ் வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். (வேலிக்கு மேலால் என்பது அவருக்குச் சாதாரணமாக நிற்பதுதான்.) உதடு இரண்டும் வீங்கி, வாயைச் சுற்றிக் கொப்புளம். விரல்களிலும் கொப்புளம். நான் உடனே கைநூலை நினைத்தேன். வாகனத்தைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அடுத்த அடி வைத்தும்விட்டேன். அதற்குள் அம்மா குசினியில் இருந்து வந்து அவரை ஒரு தரம் பார்த்தா. பார்த்த மாத்திரத்தில் தலையில் முந்தானையை இழுத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினா.

"மனே, அம்மாள் வந்திருக்கா. வாகனம் கீகனம் கூப்பிட்டுராத. ஊசி குத்தினா அவ கோவிச்சிருவா."

நான் கைநூலைக் கரைத்துக் குடித்தவன். ஆனால் ஒன்பது வயதில் எனக்குக் கொப்புளிப்பான் என்கிற சின்னம்மை வந்தபோது வேப்பிலையில் படுக்கவைத்து விசிறியவ இந்த அம்மாதான். கைநூல் அந்த இடத்தில் தோற்றுப்போனது. ஐந்து நிமிடத்தில் நான் வேப்பமரத்தில் நின்றேன்.

ஹான்ஸுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன், இது கொப்புளிப்பான், தொற்றும், வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று. அது தனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோய்விட்டதே என்றார் அவர். வெப்ப நாடுகளில் இரண்டாம் தரமும் வரும் என்று ஒரு சொட்டுத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன். (எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள்.) தனக்குக் காய்ச்சல் இல்லையே என்றார். இனித்தான் வரும் என்றேன். நேற்றுப் பனிச்சங்கேணியில் தான் ஏதோ சாப்பிட்டதாக அவர் ஆரம்பித்தபோது, சாப்பாட்டைப் பற்றி இனிப் பேச்சே வேண்டாம், இன்று முதல் இளநீரும் கஞ்சியும்தான் என்று அவருடைய வாயை அடைத்துவிட்டேன். அந்த மனிதர் சரி என்று தலையாட்டினார். சுகாதார ஆலோசகர் சொல்கிறேனாம், அவர் நம்பினாராம். இந்த இடத்தை எழுதும்போது என்னை நானே இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது.

ஹான்ஸ் வீட்டு வாசல் படலையில் வேப்பிலை ஏறியது. அவரைக் கூட்டிப்போக வந்த சாரதி வேப்பிலையைக் கண்டதும் வாகனத்தைத் திருப்பாமலே பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்விட்டான். அப்பாவின் சாரம் ஹான்ஸுக்கு முழங்காலோடு நின்றது. இரண்டு காதிலும் வேப்பங்கொத்து. அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டா. கஞ்சி கொண்டுபோனால் "குடியுங்க தாயே" என்பா. ஹான்ஸ் அதைத் தன்னுடைய புதுப் பெயர் என்று எடுத்துக்கொண்டார். தெருப் பெண்கள் படலையடியில் இளநீர்க் குலையை வைத்து, உள்ளே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஹான்ஸ் ஜன்னலால் கையசைத்தார். அம்மாள் கையசைத்ததைக் கண்ட ஒரு கிழவி அழுதேவிட்டா.

அதோடு நின்றிருந்தால் தப்பியிருப்பேன். செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு ஒரு அறிக்கை எழுதினேன். அலுவலர் ஒருவருக்கு இரண்டாம் தரமாகக் கொப்புளிப்பான், வாயைச் சுற்றியும் விரல்களிலும், காய்ச்சல் இன்னும் இல்லை, தனிமைப்படுத்தி வைத்திருக்கிறேன், நிலைமை முழுக்க என் கட்டுப்பாட்டில் உள்ளது. நிரந்தர நியமனத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. இப்படியொரு அறிக்கையைப் பார்த்தால் பத்து நாள் முந்தியே கடிதம் வரும் என்பது என் கணக்கு.

புதனும் போனது. காய்ச்சல் வரவில்லை. கொப்புளம் வாயையும் கையையும் விட்டு ஒரு அங்குலமும் நகரவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்தது. கொப்புளம் பரவவே இல்லையே என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அம்மாள் எங்கே இருப்பது என்று அவவுக்குத் தெரியாதா, நீ சொல்லிக் குடுக்கப்போறியா என்று அம்மா திருப்பிக் கேட்டா. நானும் புதிதாக வேப்பிலை பறிக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் சீனித்தம்பி அண்ணன். பனிச்சங்கேணிக்காரர், மீன்பிடி, சேனைப் பயிர் இரண்டும். நாலு நாளாகக் கிணறு இறைக்க ஆள் வரவில்லை, பாதி இறைத்த கிணற்றில் மறுபடி உப்பு ஊறுகிறது, கிணத்து ஐயாவுக்கு என்ன நடந்தது என்று பார்க்க மூன்று சோதனைச்சாவடி தாண்டி பஸ் ஏறி வந்திருந்தார். வேப்பிலையைக் கண்டு செருப்பைக் கழற்றிவிட்டுப் படலைக்கு வெளியே நின்றார்.

அவர் நிற்கும்போதே வெள்ளை வாகனம் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் கொழும்பு வைத்திய அதிகாரி. என் அறிக்கையைப் படித்துவிட்டு, இரண்டாம் தரம் வந்த, காய்ச்சல் இல்லாத, வாயைச் சுற்றி மட்டும் போடுகிற கொப்புளிப்பானைத் தன் வைத்திய வாழ்க்கையில் கண்டதில்லை என்று நேரில் பார்க்க வந்திருந்தா. ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உருவம், கோபம் வந்தால் குரல் குறையும் ரகம். படலையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அந்த நேரம் பார்த்துக் காதில் வேப்பங்கொத்தோடு ஹான்ஸ் வெளியே வந்து நிலைப்படியில் தலையை மோதினார்.

அவருடைய வாயையும் விரல்களையும் படலைக்கு வெளியே நின்றே பார்த்த சீனித்தம்பி அண்ணன் கையை உதறினார்.

"இது அம்மாள் இல்ல தம்பி. கஜுப் பால், பட்டா தோல் வெந்து கொப்புளிச்சிரும். ஞாயித்துக்கிழம நான்தான் பழம் பறிச்சுக் குடுத்தன். பழத்தச் சாப்பிடுங்க, கொட்டயத் தொட்டுராதிங்க எண்டு கையால காட்டினன். ஐயா பச்சக் கொட்டயக் கடிச்சிட்டாரு போல கிடக்கு."

ஹான்ஸ் சந்தோஷமாகத் தலையாட்டினார். கஜு என்கிற முந்திரிப் பருப்புத் தனக்கு உயிர் என்றும், அதை மரத்தில் கண்டதும் பொறுக்க முடியாமல் பல்லால் உடைத்ததாகவும், இதைத்தான் திங்கட்கிழமை சொல்ல வந்ததாகவும், ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று தன் ஆலோசகர் சொல்லிவிட்டதாகவும் டாக்டர் அம்மாவிடம் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்க அல்ல. இங்குள்ள வழக்கத்தை மதித்து நடந்தேன் என்று சொல்லிக்கொண்டார்.

அப்பா முற்றத்து மூலையில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் போச்சு என்று அவருக்கும் விளங்கிவிட்டது.

டாக்டர் அம்மா ஹான்ஸின் கையைப் பிடித்துப் பார்த்து, பூசும் மருந்தும் குளிசையும் கொடுத்தா. அன்றைக்கே சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால் பாதி வந்திருக்காது என்றா. பிறகு என் பக்கம் திரும்பி, குரலை நன்றாகக் குறைத்துத் தமிழில் பேசினா. அப்போதுதான் அவவும் எங்கள் பக்கத்துக் குருக்கள்மடத்துப் பிள்ளை என்பது எனக்குத் தெரிந்தது.

"எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான் கட்டியிருப்பாங்க. உங்கட அம்மா கட்டினதில எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவவுக்குத் தெரிஞ்சது அது. நீ என்ன செய்தாய்? அந்த மனுசன் சொல்ல வந்தத நிப்பாட்டினாய். நேத்து என்ன சாப்பிட்டீங்க எண்டு ஒரு கேள்வி, அதக் கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன்.

"உன்ட வேலை சொல்லுறது எண்டு நினைச்சிட்டாய். உன்ட வேலை கேக்கிறது."

கடிதத்தில் அன்று கையெழுத்து விழவில்லை. இன்னும் மூன்று மாதம் தற்காலிகம். அதுவும் அலுவலகத்தில் அல்ல, பனிச்சங்கேணியில் ஹான்ஸோடு. ஒவ்வொரு கிணறும் சுத்தமான பிறகு, அதில் குடிக்கிற வீடு வீடாகப் போய், யாருக்கு வயிற்றோட்டம், யாருக்குக் காய்ச்சல், முதல் நாள் என்ன குடித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். ஆலோசனை என்று ஒரு சொல்லும் என் வாயில் வரக்கூடாது.

டாக்டர் அம்மா வாகனத்தில் ஏறப்போனபோது அம்மா வழியை மறித்தா. கஜுப் பாலோ என்ன பாலோ, அம்மாள் என்று சொல்லி வைத்திருந்த ஆளைத் தண்ணீர் வார்க்காமல் வெளியே விட ஏலாது என்றா. டாக்டர் அம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட குடத்துக்கு ஒரு பக்கம் கைகொடுத்தா. தலைக்கு எட்டாததால் ஹான்ஸைக் குந்தவைத்துத்தான் வார்த்தார்கள்.

மூன்று மாதமும் கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, சனம் எல்லாவற்றையும் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறது, நாங்கள்தான் விடுவதில்லை. கடிதம் வந்தது. அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அன்று பின்னேரமே கடற்கரைப் பக்கம் போய்வந்தார். அடுத்த ஆண்டு சண்டை மூண்டு, பனிச்சங்கேணிச் சனம் அந்தக் கிணறுகளையும் விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது. சீனித்தம்பி அண்ணனை ஒரு அகதி முகாமில் கண்டேன். அந்த நிலைமையிலும் என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவரிடம், தம்பியிட்ட சொறியக் காட்டிராத, வேப்பிலை கட்டிருவான் என்றார். முகாமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது, நானும் சிரித்தேன்.

சண்டை முடிந்த அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்த்தார்கள். குருக்கள்மடத்தில் ஒரு ஆசிரியை. அம்மா பவுடர் போட்டுவிடாத குறையாக என்னைக் கூட்டிப்போனா. பெரியவர்கள் பேசி முடித்து, எங்கள் இருவரையும் பேசச் சொல்லிவிட்டு விலகினார்கள். நான் புதுக் கதிரையில் விறைத்துப்போய், என்ன கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். அந்தப் பெண் என் கையில் தேத்தண்ணியைத் தந்துவிட்டு, முகத்தை மிகவும் பவ்வியமாக வைத்துக்கொண்டு சொன்னா:

"நேத்து ராவைக்குப் பிட்டும் மீன் கறியும். இண்டைக்குக் காலையில இடியப்பம். கஜு தொடவே இல்ல."

டாக்டர் அம்மா அவவுக்குச் சின்னம்மா முறையாம். எனக்கு முந்தியே கதை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்து, வருடக்கணக்காக அங்கே குடியிருந்திருக்கிறது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்காவது தும்மல் வந்தால், மூத்த மகள் தொடக்கம் அப்பா வரை என்னைக் கண்டதும் முதல் நாள் சாப்பாட்டை ஒப்புவிக்கத் தொடங்கிவிடுவார்கள். அம்மா மட்டும் ஒப்புவிப்பதில்லை. அன்றைக்கு வந்தது அம்மாள்தான், கஜுவில் ஏறி வந்தா, அவ்வளவுதான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா.