பூட்டு அண்ணனின் ஏழு ட்யூன்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே பிறந்த யாரையும் நம்பக்கூடாது, வடக்கே பிறந்தவர்களை அதைவிட நம்பக்கூடாது என்று வாழ்ந்த ஒரே ராக் கலைஞர் எங்கள் பூட்டு அண்ணன்தான்.

இரும்புலியூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடை வைத்திருந்தார். சாயங்காலமானால் ஷட்டரை இறக்கி உள்பக்கமாகப் பூட்டிவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான். உள்ளே எங்கள் பேண்ட். பாட்டும் கிடாரும் அவர், டிரம்ஸ் காதர், பேஸ் கிடார் நான். மே மாதத்தில்கூட ஃபேன் கிடையாது. போட்டால் பாட்டு காற்றோடு வெளியே போய்விடுமாம்.

அவர் போட்டது மொத்தம் ஏழு ட்யூன். அதை யாராவது திருடி சினிமாவில் போட்டுவிடுவார்கள் என்று சதா பயம். எதிரே இருந்த டீக்கடை மாஸ்டரைக்கூட விடவில்லை.

"மாஸ்டர், இந்தத் தாளம் எங்க புடிச்ச?"

"சக்கரை கலக்கிகினு கீறேண்ணா."

"அது தெரியுது. யாரு சொல்லிக் குட்த்தாங்க?"

அன்றிலிருந்து டீ குடிக்க அரை மைல் நடந்தோம்.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் முதல் கச்சேரி. மேடை ஏறியதும் அண்ணன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டார். "விரல பாத்துட்டானுங்கன்னா அப்பால இன்னா கீது? நீங்களும் திரும்புங்க" என்றார். காதர் டிரம்ஸையே திருப்பிப் போட்டான். சுவரைப் பார்த்து ஏழு பாட்டும் வாசித்தோம். இதுதான் ஃபாரின் ஸ்டைல் என்று நினைத்த பையன்கள் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினார்கள். ஒரே வருஷத்தில் அஸ்தினாபுரம் வரைக்கும் 'முதுகு பேண்ட்' என்றால் தெரியாத ஆள் இல்லை.

அப்போதுதான் ஒரு கேசட் கம்பெனிக்காரர் சாம்பிள் கேட்டார். காதருக்கு துபாய் விசா வந்திருந்த நேரம். கேசட் வந்தால் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தான். அவன் போனால் பேண்ட் இல்லை. எங்களைத் தனித்தனியாக வாசிக்க வைத்துப் பதிவு செய்துகொண்டு, அண்ணனே தனியாக உட்கார்ந்து சாம்பிளைத் தயார் செய்தார். மூன்று பேரும் எடுத்துக்கொண்டு போனோம்.

கம்பெனிக்காரர் இரண்டு பக்கமும் பொறுமையாகக் கேட்டார். டிரம்ஸ் வந்தது, பேஸ் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"பாட்டு எங்க சார்?"

"நீ மொதல்ல கையெழுத்து போடு. பாட்டு தானா வரும்."

கம்பெனிக்காரர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் திரும்பி வந்தோம். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் காதர் மெதுவாக, "நான் கெளம்புறேண்ணா" என்றான்.

அண்ணன் அவன் தோளில் கை போட்டார். "போய்ட்டு வா. அங்க யார்கிட்டயும் பாடிக் காட்டாத" என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

அண்ணன் காலமாகிப் பல வருஷமாகிறது. ஏழு ட்யூனும் எனக்கு இன்னும் மனப்பாடம். குளிக்கும்போது முணுமுணுத்தால், அது என்ன பாட்டு என்று மனைவி கேட்பாள். ஏதோ பழைய சினிமாப் பாட்டு என்று சொல்லிவிடுவேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.