பதினோரு பொய்க் காய்ச்சலும் ஒரு நிஜக் காய்ச்சலும்

எட்டாம் வகுப்பு பாஸ் செய்தவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அதிலும் அவள் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவருமே பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்றால், அந்தப் பக்கமே போகக் கூடாது. நான் அப்படி ஒருத்தியாக இருந்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான். (கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன்.)

திருக்கோகர்ணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துவிட்டு, அன்னவாசல் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பிய வருஷம் அது. நடவு நேரம். எங்கள் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். பன்னிரண்டு பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பேச்சி என்பவள் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே நட்டாள்.

"பாத்தியா? ஒடம்பு அனலாக் கொதிக்குது, வேலைய விடலை. அதுல்ல ஒழைப்பு!" என்றார் அப்பா.

நான் பத்திரிகையில் படித்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வரப்பில் நின்று பிரசங்கம் செய்தேன். சீமையில் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் படுத்துக்கொள்வான். சர்க்கார் ஏற்பாட்டில் அவனுக்குப் பணம் வந்துவிடும். வயதானால் பென்ஷன். பணக்கார தேசம், அதனால் அங்கே படுத்துக்கொள்ளப் பயமில்லை. இங்கே நாம் உலை கொதிக்காதே என்ற பயத்தில் எழுந்து வருகிறோம், அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்!

நடவு ஆட்களுக்குத் தலைவி கருப்பாயி மட்டும் நிமிர்ந்தாள்.

"அப்ப அங்கிட்டு நடவு யாரு தாயி நடுவா?"

"அங்கே கோதுமை" என்றேன் கம்பீரமாக. (இது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது.)

மறுநாள் வெயில் ஏறியும் ஒருத்தியும் வரவில்லை. மிச்ச வயலுக்கான நாற்றெல்லாம் முந்தின நாளே பறித்துக் கட்டிய முடிகளாக வயலில் கிடந்தது. அது வாடினால் எங்களுக்கு அந்த வருஷச் சாப்பாடு இல்லை. அவர்கள் தெருவுக்குப் போய்வந்த அப்பாவின் முகம் சிவந்திருந்தது.

"பன்னெண்டு பேருக்கும் காய்ச்சலாம்! சீமைக் காய்ச்சலாம்! யாருடி கொண்டாந்தான்னு கேட்டா ஒன் பேரச் சொல்றாளுக. எறங்கு வயல்ல!"

இறங்கினேன். குனிந்து செருகுவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்று நினைத்தேன். முதல் அடியில் கால் முழங்கால்வரை போயிற்று. இரண்டாம் அடிக்கு வர மறுத்தது. நான் நட்ட நாற்று ஒவ்வொன்றும் சற்று நின்று, யோசித்து, பிறகு மிதந்தது. ஒன்றைப் பிடிக்கப் போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன்.

வரப்பில் சிரிப்பு. போர்வை போர்த்திய பதினோரு நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பின்னாடியே போ தாயி! முன்னாடி போனா நட்டத மிதிச்சுருவ!"

"விடுடி, எட்டாப்பு படிச்ச காலு. அதுக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கருப்பாயி அக்கா, ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம். பேச்சிக்குத்தான் நெசக் காய்ச்சல். அவ படுத்துக்கட்டும், அவ பங்கையும் நாங்களே நட்டுர்றோம். அவ கூலி நெல்லு அவ வீட்டுக்குப் போகணும். நாளைக்கு எவ படுத்தாலும் இதேதான்."

நான் சொன்ன ஏற்பாட்டுக்கு ஒரு பணக்கார தேசம் தேவைப்பட்டது. இவர்களுக்குப் பதினோரு முதுகு போதுமாக இருந்தது.

அப்பா நாற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வேலை முடிஞ்சா நெல்லு எந்த வீட்டுக்குப் போனா எனக்கென்ன? சரி. சேத்துல கெடக்குற தொரசானிய மொதல்ல தூக்குங்கடி!"

போர்வைகள் பறந்தன. பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது. பேச்சி ஆறு நாள் படுத்திருந்தாள். ஆறு நாளும் எங்களிடம் வேறு வயல் வேலை இருந்தது; ஆறு நாளும் நெல் போயிற்று. அடுத்த போகத்தில் பக்கத்து வயல்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே இதற்கு ஒப்புக்கொண்டார்கள். (சீமையைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நானே சொல்லிக்கொள்கிறேன்.)

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு நடவு நடத் தெரியுமா?" என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்ற கருப்பாயி முந்திக்கொண்டாள்.

"நடத் தெரியாதுங்க. நடவ நிறுத்தத் தெரியும்!"

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கல்யாணம் அப்போதே நிச்சயமாகிவிட்டது. இன்றைக்கும் புதிதாக யார் வந்தாலும் அவர் என்னை இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறார். நானும் மறுப்பதில்லை; நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.