திருப்பதி ஸ்விங் போட்டியில் எங்கள் குலுக்கு

பூமியில் கால் வைத்த மனிதர்களில் சும்மா நிற்கத் தெரியாத ஒரே ஆள் எங்கள் குலுக்குதான். யோசிக்காமல் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்து, இன்று நகரியில் சொந்தமாக பவர்லூம் கூடம் வைத்திருக்கும் நான் பார்க்காத மனிதர்களா? திருப்பதிக்கு வந்து லாட்ஜில் படுக்கிறீர்களே, உங்களுக்குக் கீழே கிடக்கும் விரிப்பு பெரும்பாலும் என் தறியில் ஓடியதாகத்தான் இருக்கும். ஊர் உலகத்தையே படுக்க வைத்த என்னால் குலுக்கை மட்டும் ஒரு நிமிடம் நிற்க வைக்க முடிந்ததில்லை.

குலுக்கு என் கூடத்துத் தறி மெக்கானிக். ரேஷன் கார்டில் அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறதாம். அதைப் படித்தவர் யாரும் இல்லை. நட்டு முறுக்கும்போது தோள் ஆடும். எண்ணெய் விடும்போது இடுப்பு ஆடும். தறிகள் ஓடாத நாளில், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் சத்தத்துக்கு ஆடுவான்.

"டேய், கையில ஸ்பேனர வெச்சிக்கினு ஆடாதடா. எவன் மண்டையாவது பூடப் போவுது."

"தறி ஆடுதுணா. அத்தத் தொட்டுக்கினு நான் மட்டும் எப்டி சும்மா நிக்கறது?"

ஒரு முறை புது மின் இணைப்பு விஷயமாக அவனைக் கூட்டிக்கொண்டு சித்தூர் போனேன். ஆபீஸ் வாசலில் காத்திருந்தபோது, மைக் கட்டிய ஆட்டோ ஒன்று ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பாட்டோடு கத்திக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. ஆட்டோவுக்குப் பின்னால் ஆடிக்கொண்டே போகிறான். அவனுக்குப் பின்னால் மாங்காய் மண்டிக் கூலிக்காரர்கள் காலிக் கூடைகளைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். கூட்டம் சேர்ந்த சந்தோஷத்தில் ஜவுளிக்கடைக்காரர் அவனுக்கு ஒரு சட்டைத் துணி கொடுத்து அனுப்பினார். துணி நெய்கிற என் கூடத்து ஆளுக்கு அடுத்தவன் கொடுத்த துணி! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த ஆட்டம், அவன் மாமனார் சாவில் வினையாகிவிட்டது.

குலுக்கின் மனைவி வசந்தாவும் என் கூடத்தில்தான் வேலை பார்த்தாள். நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய நைனா ஏர்பேட்டில் காலமானார். பாடைக்கு முன்னால் தப்பு அடித்தார்கள், குலுக்கு ஆட ஆரம்பித்தான். மாமனாருக்கு மருமகன் ஆடுவது மரியாதைதான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நாலு ரோடு சேரும் இடத்தில் அவனுக்கு வேகம் பிடித்துவிட்டது. தப்பு அடிப்பவர்களுக்கும் இப்படி ஓர் ஆட்டக்காரனை விட்டு நகர மனசில்லை. விசில் பறந்தது. பஸ்ஸில் போனவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். பாடை தூக்கியவர்கள் தோள் வலிக்கும்வரை நின்று ரசித்துவிட்டு, "நீங்க பொறுமையா வாங்கப்பா" என்று சொல்லி மேளம் இல்லாமலே நடையைக் கட்டினார்கள்.

பெரியவரைப் புதைத்து, எல்லாரும் குளித்துவிட்டுத் திரும்பியபோதும் இவன் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தான். ஈரத் தலையோடு வந்த மச்சானைப் பார்த்து, "இன்னா மச்சான், அதுக்குள்ள குளிச்சிட்ட?" என்று வேறு கேட்டிருக்கிறான்.

வசந்தா அன்றோடு நகரிக்கு வரவில்லை. சமாதானம் பேசப் போன என்னிடம், "எங்க நைனாவுக்கு ஒரு புடி மண்ணு போட வரலியேணா இந்தாளு. எங்க நிக்கணும்னு தெரியாத மனுசனோட எப்டி குடித்தனம் பண்றது?" என்று கேட்டாள். பெரிய பெரிய வியாபாரிகளையே பேசி மடக்கியவன் நான். அன்றைக்கு வந்த வழியே வண்டியைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகும் குலுக்கு ஆடினான். தோள் ஆடியது, இடுப்பு ஆடியது. முகம் மட்டும் ஆடவில்லை. சாயங்காலமானால் கடை இட்லியை வாங்கிக்கொண்டு, பூட்டிய வீட்டைத் திறக்கப் போவான். வருஷம் ஒன்று இப்படியே ஓடிற்று.

ஒரு சனிக்கிழமை திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலுக்கு விரிப்புகள் இறக்கப் போனோம். நான் மேனேஜரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், மூட்டையோடு மாடிக்குப் போன குலுக்கு இறங்கி வரவில்லை. மேலே ஹாலில் ஏதோ மேல்நாட்டு எக்காளச் சத்தம். போய்ப் பார்த்தால், ஐ.டி. வேலைக்காரப் பெண்களும் ஆண்களும் ஜோடி ஜோடியாகக் கையைப் பிடித்து, இழுத்து, விட்டு, சுழற்றி, மறுபடி பிடித்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்விங் டான்ஸாம். அமெரிக்காக்காரனின் தாத்தா காலத்து ஆட்டமாம். அவர்களுக்கு நடுவில் மடித்துக் கட்டிய லுங்கியோடு எங்கள் ஆள். தலையில் விரிப்பு மூட்டை. அது அசையவில்லை. அதற்குக் கீழே மற்றதெல்லாம் அசைந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த மேனேஜர், "ஏமண்டி, ஈயன மீ மனிஷேனா?" என்று கேட்டார். என் ஆள் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

அதற்குள் அவர்களுக்கு ஆட்டம் சொல்லித் தரும் சென்னைப் பெண் திவ்யா ஓடி வந்துவிட்டாள். "அங்கிள், மூட்டையை எறக்கி வச்சிட்டு வாங்க. உங்க ரிதம் செம! அடுத்த மாசம் இங்க வீக்கெண்ட் காம்பெடிஷன் இருக்கு. புதுசா ஆடறவங்களுக்குத் தனிப் பிரிவு. ஜோடி நாங்களே சீட்டுக் குலுக்கிப் போடுவோம். நீங்க வந்தா மட்டும் போதும்."

குலுக்கு சிரித்தானே ஒழிய, பிடி கொடுக்கவில்லை. ஆனால் போட்டியின் விதியை அவள் சொன்னதும் நிமிர்ந்தான். ஸ்விங் பாட்டு நடுவில் திடீரென்று நின்றுவிடுமாம். அப்போது ஆடுகிறவர்களும் சிலை மாதிரி அப்படியே நின்றுவிட வேண்டும். பாட்டு மறுபடி எடுத்த பிறகுதான் அசையலாம். நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தானாம்.

"ணா! நிக்கணுமாம்ணா! நின்னா மார்க்காம்!"

"நின்னா இன்னாடா?"

"வசந்தாவ இட்டாந்து காட்டணும்ணா."

அன்றிலிருந்து நான் கோச் ஆனேன். எனக்கு ஸ்விங் தெரியுமா என்று கேட்காதீர்கள். தறி ஓட்டவும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திவ்யா அனுப்பிய வீடியோவை என் போனில் ஓடவிட்டு, கூடத்தில் தறிகளுக்கு நடுவிலேயே பயிற்சி. தறிச் சத்தத்தில் பாட்டு நிற்பது எவனுக்குக் கேட்கும்? எனவே பாட்டு நிற்கிற இடத்தில் நான் கையைத் தூக்குவேன். குலுக்கு நிற்பான். சாமி சத்தியமாக நிற்பான். ஒற்றைக் கால் தூக்கியபடி, வாயைக்கூட மூடாமல் நிற்பான். தறிக்காரர்கள் கை தட்டினார்கள். இந்த அதிசயத்தைச் சாதித்தவன் நான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு என் சரக்கு வேனை ஏர்பேட்டுக்கு விட்டோம். வசந்தா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஞாயித்துக்கெழம திருப்பதில நான் ஆடறேன். வந்து பாரு" என்றான் குலுக்கு.

"யாரு செத்துட்டாங்க?"

"சாவு இல்ல வசந்தா. ஸ்விங்கு. இதுல நிக்கறதுக்குத்தான் மார்க்கு."

அவள் என்னைப் பார்த்தாள். "நெசமாணா?"

"நெசம்தாம்மா. நான்தான் கோச்சு."

வசந்தா மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தாள். "வரேன். இந்தாளு நிக்கறத என் கண்ணால பாத்தா, அங்கருந்தே நகரிக்கு வந்துடறேன். நிக்கல, அப்பால இந்த வாசப்பக்கம் தல காட்டக் கூடாது."

போட்டியின் முதல் நாள், சனிக்கிழமை, பேர் பதிவும் சீட்டுக் குலுக்கலும். குலுக்குக்கு ஜோடியாக விழுந்தது பெங்களூரில் வேலை பார்க்கும் ஸ்ருதி என்ற பெண். புள்ளி போட்ட கவுன், தலையில் பூ, வாயில் சிரிப்பு. சுற்றியிருந்த ஆண்கள் தோளில் வார் மாட்டிய பேன்ட்டும் தொப்பியுமாக இருந்தார்கள். குலுக்குக்கு என் கல்யாண நாள் பேன்ட்டைக் கொடுத்திருந்தேன். அவன் இடுப்புக்கு அது இரண்டு பேருக்கான பேன்ட். ஷூ இல்லாமல் ஆடக் கூடாது என்றார்கள். ஓட்டல் வாட்ச்மேன் தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை போட்டி. ஜன்னல் இல்லாத ஏசி ஹால். கடைசி வரிசையில் வசந்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் வரிசையில் நான், தேவைப்பட்டால் தூக்க, கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

முதுகில் நம்பர் குத்திய குலுக்கு ஸ்ருதியிடம், "கைய புடிக்கலாமாம்மா?" என்று கேட்டான்.

"புடிக்காம எப்டி சார் ஆடறது?"

அவன் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தான். வசந்தா எரிச்சலாக, 'புடி, புடி' என்று கையசைத்தாள். பிடித்தான்.

எக்காளம் எடுத்தது. ஐயா, அந்த ஆட்டத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. வாட்ச்மேன் பூட்ஸ் தரையைத் தொட்டதா என்றே தெரியவில்லை. அந்தப் பெண் பம்பரமாகச் சுற்றி வந்து, சரியாக அவன் கைக்கே திரும்பினாள். நடுவர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தாளம் போட்டார். பாட்டு ஏறிக்கொண்டே போய், உச்சிக்கு வந்து, டக்கென்று நின்றது.

நான் கையைத் தூக்கினேன்.

ஹால் முழுக்க ஜோடிகள் சிலையாக நின்றன. குலுக்கு மட்டும் ஸ்ருதியின் கையை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓடினான்.

தறிக்கூடத்தில் பிழைத்தவர்களுக்கு இது புரியும். ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் திடீரென்று நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். உடனே மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். இறக்காவிட்டால், கரண்ட் வரும்போது எல்லாத் தறிகளும் ஒன்றாகத் திமிறிக்கொண்டு ஓடும். தறிக்குள் கை விட்டு நூல் முடிந்துகொண்டிருப்பவர் கதி அதோகதி. எனவே சத்தம் நின்றால் நாங்கள் யோசிப்பதில்லை, கால் தானாக ஓடும். பயிற்சி நடந்ததெல்லாம் தறிச் சத்தத்துக்குள். தறிச் சத்தமே இல்லாத ஓர் இடத்தில் பாட்டு நின்று அவன் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு வசந்தாவைத் திரும்பிப் பார்த்தேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

மேடைப் பக்கத்துத் திரைக்கு அருகில் பெரிய மின்பெட்டி ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து குலுக்கு ஓடுகிறான். அந்தப் பக்கத்திலிருந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வசந்தா ஓடுகிறாள். என் கூடத்தில் வருஷக்கணக்காக மெயினை இறக்கியது இந்த இரண்டு பேரில் முந்துகிற ஒருவர்தான். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் பிடியில் விழுந்தது. இறக்கினார்கள்.

விளக்கு போயிற்று. ஏசி போயிற்று. கும்மிருட்டு. யாரோ வீலென்று கத்தினார்கள். "எவர்ரா மெயின் ஆப் சேசிந்தி?" என்று மேனேஜர் அலறுவது கேட்டது. அந்தக் களேபரத்துக்கு நடுவில், மின்பெட்டி பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள், வீட்டில் பேசுகிற மாதிரி.

"எறக்கிட்டியா?"

"எறக்கிட்டேன்யா. கையி இன்னா இப்டி எலும்பா கீது? ஒழுங்கா துன்றியா இல்லியா?"

"துன்றேன். இட்லி."

"மூணு வேளையுமா?"

குலுக்கின் குரல் உடைந்து வந்தது. "நிக்கலியே வசந்தா. நிக்கணும்னுதான் வந்தேன்."

அவள் சிரித்தாள். "நீ எங்கய்யா நிக்கறது. சும்மா ஒக்காந்துக்கினு இருந்த நானே ஓடியாந்துட்டேனே."

விளக்கு வந்தபோது இரண்டு பேரும் சுவிட்சின் பிடியிலிருந்து கையை எடுத்திருக்கவில்லை. குலுக்கைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டதாக நடுவர்கள் அறிவித்தார்கள். யார் காதில் விழுந்தது? ஸ்ருதி வந்து, "சார், என்னை இப்படி நடு ரோட்டுல விட்டுட்டுப் போறீங்களே" என்று கலாட்டா செய்தாள். "மன்னிச்சிக்கோ கண்ணு, இவுருக்குப் பதிலா நான் ஆடட்டா?" என்று வசந்தா கேட்டதும் ஹாலே கை தட்டியது. ஆடவில்லை, பேச்சுக்குத்தான் கேட்டாள். ஆனால் அவள் கட்டை விரல் செருப்புக்குள் ஆடியதை நான் பார்த்தேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அன்றே அவள் நகரிக்கு வந்துவிட்டாள். எனக்குத்தான் நஷ்டம். அவ்வளவு பெரிய ஹாலில் மெயின் எங்கே என்று ஒரே ஓட்டத்தில் கண்டுபிடித்த ஆளை மேனேஜருக்குப் பிடித்துப்போய், சில மாதங்களில் ஓட்டலுக்கே எலக்ட்ரீஷியனாகக் கூப்பிட்டுக்கொண்டார். இப்போது புருஷனும் பெண்டாட்டியும் திருப்பதியில் இருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அந்த ஹாலில் ஜோடியாக ஆடுகிறார்களாம். பாட்டு நிற்கும்போது ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்களாம், ஓடிவிடாமல் இருக்க.

நான் ஆள் பார்த்து எடுப்பதில் கெட்டிக்காரன். அவனுக்குப் பிறகு வந்த மெக்கானிக் வேலையில் அவனைவிடச் சுத்தம். ஆடாமல் அசையாமல் நின்று நட்டு முறுக்குவார். ஆனாலும் ஏதாவது ஒரு தறி நின்றால், என் வாய் இன்னும் "டேய் குலுக்கு!" என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து வருகிறார்.